எச்சில் பட்ட வெள்ளை வைன்

இதை எழுதாமல் விட்டுவிடத்தான் இருந்தேன். ஹோட்டலில் இப்போது வேலை செய்கிற பிள்ளைகள் ஊழியர் மலர் ஒன்று போடுகிறார்களாம். "ஓய்வுபெற்றவர்களின் அனுபவம்" என்று ஒரு பகுதி வைத்து, எனக்கும் செய்தி அனுப்பினார்கள். எனக்கு இன்னும் முப்பது வயதாகவில்லை. வேலையை விட்டு குண்டசாலையில் த்ரீவீலர் ஓட்டுகிறேன், அவ்வளவுதான். அதற்குள் என்னை ஓய்வுபெற்றவர்கள் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். சாதாரண தரப் பரீட்சையில் தமிழ்ப் பாடத்தையே தள்ளாடித் தாண்டியவனிடம் கட்டுரை கேட்பவர்களை என்னவென்று சொல்வது? "பார்ப்போம்" என்று பதில் போட்டுவிட்டு ஒரு சவாரிக்குப் போய்விட்டேன்.

அதன் பிறகு அவர்களில் ஒரு பிள்ளை தனியாக எழுதினாள். இப்போது ஒவ்வொரு மேசையிலும் சின்னத் திரை ஒன்று இருக்கிறதாம். வைனின் பெயரை அழுத்தினால் எந்தச் சாப்பாடு பொருந்தும் என்று அதுவே சொல்லுமாம். "எல்லாம் சரி அண்ணே. மூலை மேசைக்கு மட்டும் செமி ட்ரை வெள்ளை வைன் குடுக்க வேணாம்னு பழைய ஆளுங்க சொல்றாங்க. கேட்டா உங்ககிட்ட கேக்கச் சொல்றாங்க. ஏன் அண்ணே?"

பயமுறுத்திவிட்டுப் போகலாம் என்று சிரித்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த ஹோட்டல் ஹந்தானையில் ஒரு பழைய துரை பங்களா. அதற்குக் கீழே தேயிலைக்குள், தோட்டத் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடாக ஒரு லயம் இருந்தது. ஆட்கள் எப்போதோ வெளியேறி, கூரை இறங்கிக் கிடந்தது. முதலாளி அதைப் புதுப்பித்து, காம்பிரா என்கிற ஒற்றை அறைகளுக்கு நடுவில் இருந்த சுவர்களை இடித்து, நீளமான சாப்பாட்டு அறையாக்கினார். ஒரு குடும்பம் சமைத்து, படுத்து, பிள்ளை பெற்ற இடத்தில் இப்போது ஒரு மேசையும் நான்கு கதிரையும். கடைசிக் காம்பிரா இருந்த இடம்தான் அந்த மூலை மேசை.

பின்னேரங்களில் பனி இறங்கினால் கதவைச் சாத்தினாலும் உள்ளே வந்துவிடும். குசினியில் எரிவது காஸ். ஆனாலும் அந்த மூலையில் ஈர விறகு புகைகிற மணம் வரும். வெள்ளைக்காரர்கள் மூக்கை உறிஞ்சி, "ஆகா, விறகடுப்பா?" என்று கேட்பார்கள். நாங்கள் ஆமாம் என்று தலையாட்டுவோம். பங்களா நாய் மற்ற எல்லா மேசைக்கும் அடியில் புகுந்து வரும். மூலைக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிடும். யாரோ விளக்குமாற்றைத் தூக்கியதைப் போல வாலை ஒடுக்கிக்கொண்டு திரும்பும். அடிக்கிறவர்களைப் பார்த்தால் மட்டும்தான் நாய் அப்படித் திரும்பும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை அந்த மூலையில் நிறுத்தி விளக்கை அணைப்பது என் பொழுதுபோக்கு. என்னை அங்கே நிற்கச் சொன்னால் எனக்கு மட்டும் உடனே வேறு வேலை ஞாபகம் வந்துவிடும்.

வேலை பழகிய காலத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. முதலில் பீங்கான் உடைத்துத் திட்டு வாங்கினேன். பிறகு உடைக்காமலே திட்டு வாங்கினேன். ஒருநாள் வைன் பக்கம் போட்டார்கள். அங்கேதான் ஜெயசீலன் சேரிடம் மாட்டினேன்.

சேர் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். சாப்பாட்டு அறை முழுவதும் அவர் பொறுப்பு. சத்தம் போடவே மாட்டார். சாதாரண நாளில் என்னைத் "தம்பி, நீ" என்பார். கோபம் வந்தால் "நீர்" என்பார். "நீர் இந்தக் கிளாசை மணந்து பாத்தனீரோ?" என்று அவர் மெதுவாகக் கேட்டால் கிளாசை மறுபடி கழுவ ஓடிவிடுவேன். வைன் ஊற்றுவதற்கு முன் வெறும் கிளாசை மணந்து பார்க்க வேண்டும், துடைத்த துணியின் வாடை இருக்கக்கூடாது. வெள்ளை வைனை ஐஸ் மாதிரிக் குளிரவிடக்கூடாது, மணம் செத்துவிடும். "ஹந்தானையில விடியக் காத்தால பைப்பைத் திறந்து முகம் கழுவுற தண்ணி எப்பிடி இருக்கும்? அந்தக் குளிர் போதும்." போத்திலின் கழுத்தைத் துடைக்க வேண்டும். தக்கையைச் சுழற்றி எடுக்கும்போது சத்தம் வரக்கூடாது. பிறகு சின்ன வெள்ளிக் கிண்ணத்தில் ஒரு மிடறு ஊற்றி அவரே ருசி பார்ப்பார். கண்ணை மூடி, வாய்க்குள் உருட்டி, தலையை ஒருமுறை அசைத்தால்தான் போத்தில் மேசைக்குப் போகும். முதலாளியே வந்து நின்றாலும் அந்தக் கிண்ணத்தைத் தாண்டாமல் ஒரு போத்தில் போனது கிடையாது.

செமி ட்ரை என்றால் என்னவென்று அவர் எனக்குச் சொன்ன விதம் இன்னும் மறக்கவில்லை. திராட்சைச் சாறு புளிக்கும்போது உள்ளே இருக்கிற இனிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துகொண்டு போகும். முழுவதும் தீர்வதற்கு முன்னால் நிறுத்திவிட்டால் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்த மிச்ச இனிப்புதான் நம்முடைய உறைப்புக்கு மருந்து. இனிப்பே இல்லாத வைனை உறைப்புக் கறியோடு குடித்தால் வாயில் நெருப்பு வைத்ததைப் போல எரியும். இது அணைத்துவிடும். ஆனால் தேசிக்காய்ப் புளி கூடினால் வைன் வெறும் சீனித் தண்ணீராகிவிடும். கருவாடு இன்னும் மோசம், சில வைனோடு சேர்ந்தால் வாயில் துருப்பிடித்த ஆணியை வைத்த மாதிரி இருக்கும்.

குசினியில் ரிஸ்வான். கெலிஓயாக்காரன், என் வயதுக்காரன், என் கூட்டாளி. வைனை நாக்கில் வைத்ததே இல்லை, வைக்கவும் மாட்டான். "இனிப்பு முன்னுக்கு வருதா, புளிப்பா? அத மட்டும் சொல்லு மச்சான்" என்று கேட்டுவிட்டு, கறியில் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று யோசிப்பான். பாதி நாள் சரியாக வரும். வராத நாளில் என் நாக்கில்தான் பிழை என்பான்.

இப்படி இருக்கும்போதுதான் மாரிமுத்து ஐயா வந்தார்.

அறுபது வயதிருக்கும். தலையில் கம்பளித் தொப்பி. பெட்டியைத் தூக்கப் போனபோது கொடுத்தார், நெஞ்சோடு அணைத்திருந்த துவாயை மட்டும் கொடுக்கவில்லை. அதற்குள் ஒரு போத்தில். பங்களாவில் அறை எடுத்தவர், அறைக்குப் போகாமல் நேராகக் கீழே சாப்பாட்டு அறைக்கு வந்தார். மேசைகளை ஒவ்வொன்றாகத் தாண்டிப் போய், மூலையில் நின்று, தரையைக் குனிந்து பார்த்தார்.

"இங்கதான் தம்பி எங்க அடுப்பு" என்றார்.

எதற்கும் சிரிப்பூட்டப் பகிடி விடுகிறவன் நான், அப்போது ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன்.

அவர் அந்தக் காம்பிராவில் பிறந்தவர். இளவயதில் ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தவர். அங்கே ஒரு ஆற்றங்கரைச் சரிவில் திராட்சைத் தோட்டத்தில் வேலை. "நம்ம மலை மாதிரியேதான் சரிவு. கொழுந்து பறிச்ச குடும்பத்துக்கு திராட்சை பறிக்க யாரு பழக்கணும்?" என்று சிரித்தார். அம்மா செத்தபோது அவரிடம் அங்கே தங்குவதற்கான கடுதாசி எதுவும் சரியாக இருக்கவில்லை. வந்தால் திரும்பிப் போக முடியாது. அதனால் வரவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் அங்கேயே படையல் வைத்திருக்கிறார்.

"ஆனா எங்கம்மா, அது சாப்பிடல தம்பி. கனவுல வரும். எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கும். முன்னால பீங்கான் காலியா இருக்கும். கூப்பிட்டா திரும்பாது."

திரும்பிப் போனதும் அவருக்கு நெஞ்சில் சத்திரசிகிச்சை. நாள் குறித்துவிட்டார்கள். "அது சாப்பிட்டா நான் போய்ப் படுப்பேன். சாப்பிடலேன்னா வேணாம்னு சொல்லிருவேன். பொண்டாட்டி புள்ளைககிட்டயும் சொல்லிட்டுத்தான் வந்தேன்." இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. பஸ் நேரம் சொல்வதைப் போலச் சொன்னார்.

துவாயிலிருந்த போத்தில் அவரே பறித்த திராட்சையில் செய்த செமி ட்ரை வெள்ளை. அம்மாவுக்கு மகனுடைய வேலையைக் காட்ட வேண்டும். "அதுக்கு வைன்னா என்னன்னு தெரியாது. அதோட சாப்பாட்டோட சேர்ந்து போற மாதிரி செஞ்சு குடுங்க."

பெரிய பெரிய ஆட்கள் என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள். செத்துப்போன ஒருவருக்கு வைன் பொருத்திக் கொடுக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. சேர் எதிர்க்கவில்லை. மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி வைப்பதைப் போன்ற முகத்தோடு, "ஓம், செய்வம்" என்றார்.

அம்மாவுடைய சாப்பாடு என்னவென்று கேட்டோம். சோறு, கருவாட்டுக் குழம்பு, கொச்சிக்காய்ச் சம்பல். சோற்றைத் தவிர இரண்டும் வைனுக்குச் சத்துரு. ஹோட்டலில் இருந்த வேறொரு செமி ட்ரை போத்திலை வைத்து ஒத்திகை பார்த்தோம். சம்பலோடு குடித்தால் வைன் காணாமல் போனது, தேசிக்காய்ப் புளி தின்றுவிட்டது. ரிஸ்வான் தேசிக்காயை விட்டுவிட்டு கொறுக்காப் புளி கொஞ்சம் சேர்த்தான். கருவாட்டோடு குடித்தேன், ஆணி.

"உன்ட மூஞ்சே சொல்லுது" என்றான் ரிஸ்வான். "பொறு மச்சான்."

பெரிய வெங்காயத்தைச் சிவக்கச் சிவக்க வதக்கி, கருவாட்டை நன்றாக ஊறவைத்துப் பொரித்துப் போட்டு, தடித்த தேங்காய்ப்பால் விட்டு இறக்கினான். வெங்காயத்தின் இனிப்பும் வைனின் இனிப்பும் கை கோத்துக்கொண்டன. கருவாட்டின் உப்பு இரண்டுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது. சேர் கண்ணை மூடினார். தலையை ஒருமுறை அசைத்தார்.

அடுத்த நாள் மத்தியானம் படையல். படையலுக்குச் சமைப்பதை யாரும் ருசி பார்க்கக்கூடாது என்று மாரிமுத்து ஐயா ரிஸ்வானிடம் சொல்லியிருந்தார். அவன் உப்பைக்கூடக் கைக்கணக்கில்தான் போட்டான். வேறு விருந்தாளிகள் இல்லை. வெளியே மதியத்திலேயே பனி. மூலை மேசையில் வாழை இலை விரித்து, அம்மாவின் சின்னப் படம் ஒன்றை வைத்தார். சோறு, கறி, சம்பல், பக்கத்தில் ஒரு கிளாஸ் வைன். பிறகு ஒரு கைப்பிடிச் சோற்றைக் கொண்டுபோய் வாசலில் காக்கைக்கு வைத்தார்.

எங்கள் குசினிக் காக்கைகளை உங்களுக்குத் தெரியும். வாயிலிருப்பதையே பிடுங்கும் சாதி. அன்றைக்கு எல்லாம் வந்தன. கூரை முகட்டில் வரிசையாக உட்கார்ந்தன. ஒன்றும் கத்தவில்லை. எல்லாம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தேயிலைப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தன.

கையைத் தட்டினேன். பறக்கவில்லை. திரும்பவும் இல்லை. ரிஸ்வான் வாய்க்குள் ஏதோ ஓத ஆரம்பித்துவிட்டான். சோற்றின் மேல் பனி விழுந்து ஈரமாகிக்கொண்டிருந்தது.

மாரிமுத்து ஐயா உள்ளே போய்ப் படையலை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு பக்கத்து அலுமாரியின் மேல் அவர் கண் நின்றது. அங்கே வெள்ளிக் கிண்ணம் இருந்தது. அடியில் ஒரு சொட்டு வைன்.

"யாரு ருசி பாத்தது?"

"நான்தான்" என்றார் சேர். "நான் பாக்காமல் ஒரு போத்திலும்..." என்று தொடங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். கறியை ருசி பார்க்கக்கூடாது என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. போத்திலும் படையல்தான் என்பது ஒருவருக்கும் ஓடவில்லை. எத்தனையோ வருசத்துப் பழக்கம், கை தானாகச் செய்துவிட்டது.

"எச்சிப் பண்ணிட்டீங்களே ஐயா" என்றார் மாரிமுத்து ஐயா. கோபமே இல்லை. அது இன்னும் மோசம். கதிரையில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "பரவால்ல. அதுக்கு விருப்பமில்ல. நான் போன் பண்ணி வேணாம்னு சொல்லிர்றேன்."

சேருடைய முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. "ஐயா, நான் உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், என்ர பிழைக்கு நீங்கள் உயிரை விடாதேங்கோ" என்றார். இன்னொரு போத்தில் கிடையாது. புகை மணம் கூடிக்கொண்டே வந்தது, கண் கரித்தது. குசினியில் அடுப்பை அணைத்தாகிவிட்டது.

அப்போது ரிஸ்வான் மெதுவாகச் சொன்னான். "எங்கட உம்மா எங்களுக்கு முன்னுக்கு ஒரு நாளும் திண்டதில்ல. நாங்க திண்டு மிஞ்சினதத்தான் அதே பீங்கான்ல போட்டுத் திண்பா."

மாரிமுத்து ஐயா அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க அம்மா எப்படி?" என்று நான் கேட்டேன்.

"அதுவும் அப்படித்தான்."

"அப்ப எச்சி இல்லாத சாப்பாட்டை இத்தனை வருசமா வச்சா, அது எப்படி ஐயா சாப்பிடும்? புள்ள பசியோட இருக்கான்னு நெனச்சு உக்காந்திருக்கும். நீங்க மொதல்ல சாப்பிடுங்க."

என் வாழ்க்கையில் பகிடி இல்லாமல் நான் பேசியது குறைவு. அதுவும் பாதி பகிடியாகத்தான் வாயில் வந்தது. ஆனால் அவர் எழுந்து படத்துக்கு முன்னால் இலைக்கு நேரே உட்கார்ந்துவிட்டார். சேர் இலையில் இருந்ததை அப்படியே ஒரு பீங்கானுக்கு மாற்றினார். மாரிமுத்து ஐயா கையால் பிசைந்து சாப்பிட்டார், வைனைக் குடித்தார், திரும்பச் சாப்பிட்டார். சின்னப் பையனைப் போல அவசரமாகச் சாப்பிட்டார். உப்புச் சரியாக இருந்ததா, வைன் பொருந்தியதா என்று ஒருவரும் கேட்கவில்லை. பாதிப் பீங்கானில் நிறுத்தினார். கிளாசிலும் பாதி வைத்தார்.

"மிச்சம் வச்சிருக்கேம்மா" என்றார்.

கை கழுவும்போது திடீரென்று சிரித்தார். "இந்தப் பழக்கம் போகல பாருங்க. கருவேப்பிலைய இன்னும் ஓரத்துல ஒதுக்கித்தான் வைக்கிறேன். அம்மா திட்டிக்கிட்டே ஒண்ணு ஒண்ணா எடுத்துத் திங்கும்." பார்த்தோம். பீங்கானின் ஓரத்தில் கருவேப்பிலைகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன.

படையல் முறைப்படி எல்லோரும் வெளியே வந்தோம். முன் கதவை நான் பூட்டி, திறப்பை என் சட்டைப் பையில் போட்டேன். பின்னால் குசினிக்குப் போகிற கதவு ரிஸ்வானின் பக்கம். சேரும் மாரிமுத்து ஐயாவும் முற்றத்து ஓரத்தில், கதவு கண்ணில் படாத இடத்தில் இருந்த நீள வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ரிஸ்வான் சட்டி கழுவப் போனான். நான் பங்களாவுக்குப் போய்க் குடை எடுத்து வந்தேன். பனி அடர்த்தியாகி, கூரையில் காக்கைகள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. சிறகடிக்கிற சத்தம் மட்டும் ஒருமுறை கேட்டது.

கதவைத் திறந்தோம்.

புகை மணம் இல்லை. அந்த அறையில் வேலை செய்த காலம் முழுவதும் மூக்கில் இருந்த மணம், துடைத்தெடுத்ததைப் போல இல்லை. சோறு வைத்தபடி இருந்தது. கருவாடு இருந்தது. சம்பல் இருந்தது. கருவேப்பிலை ஒன்றுகூட இல்லை. பீங்கானின் ஓரம் விரலால் வழித்ததைப் போலச் சுத்தமாக இருந்தது. கிளாசில் வைன் இறங்கியிருந்தது, ஒரே ஒரு மிடறு.

பூனை கருவாட்டை விட்டுவிட்டுக் கருவேப்பிலையைத் தின்னாது. எலியும் தின்னாது.

மாரிமுத்து ஐயா பீங்கானின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். "திட்டியிருக்கும்" என்றார். அவ்வளவுதான். வாசலில் வைத்த சோற்றைப் போய்ப் பார்த்தோம். அதுவும் இல்லை, ஈரத் தடம் மட்டும் இருந்தது.

அவர் போய், படுத்து, எழுந்துவிட்டார். சேருக்குப் போன் எடுத்து, "திரும்பிப் பாத்துச்சு ஐயா" என்று மட்டும் சொன்னாராம். அதற்குப் பிறகு மூலை மேசைக்குச் செமி ட்ரை போவதில்லை. யாரும் உத்தரவு போடவில்லை. போத்திலை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தால் கால் தானாக நின்றுவிடும், அவ்வளவுதான். திரையிடம் கேட்டால் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது, தங்கச்சி.

உங்களை இவ்வளவு பயமுறுத்திவிட்டு உண்மையையும் சொல்ல வேண்டும். எனக்கு அன்றைக்கே தெரியும், அது ரிஸ்வானின் வேலை. குசினிக் கதவு அவன் பக்கம். மாரிமுத்து ஐயா கை கழுவும்போது சொன்னதை அவனும் கேட்டான். மனுசன் உயிரோடு திரும்பிப் போகட்டும் என்று உள்ளே வந்து, கருவேப்பிலையைப் பொறுக்கி, வைனை ஒரு மிடறு தொட்டியில் ஊற்றியிருப்பான். கேட்டால் நல்ல காரியத்தைக் கெடுத்த மாதிரி ஆகிவிடும் என்று நான் கேட்கவே இல்லை. அவனும் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. அந்த நினைப்பில்தான் நான் அந்த அறையில் அதற்குப் பிறகும் வேலை செய்தேன். இல்லாவிட்டால் அன்றைக்கே ஓய்வுபெற்றிருப்பேன்.

ரிஸ்வான் இப்போது கட்டாரில் ஒரு பெரிய குசினியில் இருக்கிறான். மலருக்குக் கொடுப்பதற்கு முன் இதை அவனுக்குத்தான் அனுப்பினேன். "இனியாவது ஒத்துக்கொள்ளடா" என்று கீழே எழுதினேன். பதிலுக்கு ஒரே ஒரு வரி வந்தது:

"மச்சான், தொறப்பு உன்ட பொக்கட்டுல இருந்ததால, அது நீதான்னு நெனச்சிட்டுத்தானே நான் இவ்வளவு நாளும் பேசாம இருந்தேன்."